நூற்றுக்கு எத்தனை நேரம் நான் நானாக இல்லை?

இரவு இரண்டு மணி இருக்கும். தூக்கம் வராமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டிருந்த கை என்னுடையதாகத் தெரியவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. விரல்கள் சொன்ன வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. தம்ளரைச் சுற்றின, நுரையை வழித்தன, குழாயை மூடின. ஆனால் வேறு யாரோ கழுவ, அவருக்குப் பின்னால் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. என் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாகத்தான் வந்தது. அதுவும் சற்றுத் தள்ளி எங்கிருந்தோ வந்தது.

அது முதல் முறை அல்ல. மூன்று வாரங்களாக வருவதும் போவதுமாக இருந்தது. அன்று பயம் தாங்காமல் கைப்பேசியில் தேடினேன். யாரும் தானாகவே செய்துபார்க்கலாம் என்று ஒரு கேள்வித்தாள் கிடைத்தது. மொத்தம் 28 கேள்விகள். ஒவ்வொன்றும் ஓர் அனுபவத்தைச் சொல்லி, இது உங்களுக்கு நூற்றுக்கு எத்தனை சதவீத நேரம் நிகழ்கிறது என்று கேட்கிறது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். கூட்டினால் 1,010. அதை 28 ஆல் வகுத்தால் 36 சொச்சம். 30க்கு மேல் போனால் தீவிரமான விலகல் கோளாறு இருக்கக்கூடும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

விடியும்வரை தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த 36தான் வந்து நின்றது. இதே மாதிரி ஓர் இரவில், இதே மாதிரி ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. அந்த எண்ணைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் செலவழித்த ஆள், அவ்வளவுதான்.

மருத்துவத்தில் இதற்கு டிஸோசியேஷன் என்று பெயர். நினைவு, உணர்வு, உடல், நான் என்ற எண்ணம் இவை எல்லாம் சாதாரணமாக ஒன்றோடொன்று பிணைந்து ஓடுகின்றன. அந்தப் பிணைப்பு தளர்ந்துபோவதுதான் விலகல். பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஜானே 1889இலேயே இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அப்படியானால் என் கைக்கு நேர்ந்தது புதிய நோய் அல்ல. அன்றிரவு அது மட்டும் தெரிந்திருந்தால்கூடக் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

தமிழில் யோசிக்கும்போது இந்த விஷயம் எனக்கு இன்னும் தெளிவாகப் பிடிபடுகிறது. நம்மிடம் மெய்மறத்தல் என்ற சொல் இருக்கிறது. பாட்டைக் கேட்டு மெய்மறந்தேன் என்றால் அது பாட்டுக்குப் பாராட்டு. மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. என் கை என்னுடையதாக இல்லை என்பது உடல் என்ற மெய் நழுவுவது. டீபெர்சனலைசேஷன் என்பது இதைத்தான். எதிரே இருக்கும் சுவரும் மனிதர்களும் வரைந்து வைத்த மாதிரி தெரிவது உண்மை என்ற மெய் நழுவுவது, அது டீரியலைசேஷன். மருத்துவர்கள் இரண்டு சொல் தேடிய இடத்தில் நமக்கு ஒரே சொல்லின் இரு பொருள் இருக்கிறது. பாட்டில் மெய்மறந்தவர் பாட்டு முடிந்ததும் திரும்பிவிடுகிறார். திரும்ப வேண்டும் என்று நினைத்தும் திரும்ப முடியாமல் நிற்பதுதான் நான் பட்ட பாடு.

இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம், நான் செய்த அந்தச் சோதனை இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எண்ணுகிறது.

சோதனையின் பெயர் டிஸோசியேட்டிவ் எக்ஸ்பீரியன்ஸஸ் ஸ்கேல், சுருக்கமாக டி.இ.எஸ். ஈவ் பெர்ன்ஸ்டைன், ஃபிராங்க் பட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்டது. முதல் வடிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு இருக்கும். பதில் சொல்பவர் அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் குறுக்கே கீறுவார். ஆய்வாளர் ஸ்கேல் வைத்து அளந்து மதிப்பெண் போடுவார். 1993இல் வந்த இரண்டாம் வடிவத்தில் கோடு போய், 0, 10, 20 என்று 100 வரை எண்கள் வந்தன. இன்று பெரும்பாலும் கையில் கிடைப்பது அதுதான். மது அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் இருந்த நேரங்களைச் சேர்க்காமல் பதில் சொல்லும்படி தாளின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். அவசரத்தில் நான் அதைப் படிக்கவே இல்லை.

கேள்விகளைப் பாருங்கள். பஸ்ஸிலோ காரிலோ போய்க்கொண்டிருக்கும்போது, வந்த வழியில் ஒரு பகுதி நினைவிலேயே இல்லை என்று திடீரென்று உணர்வது. ஒருவர் பேசிக்கொண்டிருக்க, அவர் சொன்னதில் பாதியைக் கேட்கவே இல்லை என்று தெரியவருவது. படம் பார்க்கும்போது சுற்றி நடப்பது எதுவும் தெரியாமல் ஆழ்ந்துபோவது. கடிதத்தைப் போட்டோமா, போட வேண்டும் என்று நினைத்ததோடு சரியா என்று குழம்புவது. இவை யாருக்குத்தான் இல்லை? இவற்றோடு வேறு வகைக் கேள்விகளும் கலந்து வருகின்றன. எப்படி வந்தோம் என்றே தெரியாத ஓர் இடத்தில் நிற்பது. வாங்கியதாக நினைவே இல்லாத பொருள்கள் தன் உடைமைகளுக்குள் கிடப்பது. தனக்குப் பக்கத்திலேயே நின்று தன்னை வேறொருவராகப் பார்ப்பது. சொந்த மனிதர்களையே அடையாளம் தெரியாமல் போனதாகப் பிறர் வந்து சொல்வது.

முதல் வகையில் எல்லாவற்றுக்கும் 60, 70 என்று போட்டுக்கொண்டே போனேன். சின்ன வயதிலிருந்தே புத்தகத்தை எடுத்தால் கூப்பிட்டது காதில் விழாத ஆள் நான். என் 1,010இல் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தின் கணக்கு. நோயின் கணக்கு அல்ல.

இதை ஆய்வாளர்களே பிறகு கவனித்தார்கள். 1996இல் நீல்ஸ் வாலர், பட்னம், கார்ல்சன் மூவரும் (கார்ல்சன் என்பவர் அதே ஈவ் பெர்ன்ஸ்டைன்தான்) 28இல் எட்டுக் கேள்விகளைத் தனியாகப் பிரித்தார்கள். 3, 5, 7, 8, 12, 13, 22, 27 ஆகிய எண்கள். சாதாரண ஆழ்ந்துபோதலிலிருந்து நோய் சார்ந்த விலகலைப் பிரித்துக் காட்டுவது இந்த எட்டுதான் என்பது அவர்கள் வாதம். என் தாளில் அந்த எட்டை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 10, 0, 50, 0, 60, 60, 20, 0. கூட்டினால் 200, சராசரி 25. மூன்று கேள்விகளில் மட்டும் மதிப்பெண் குவிந்திருந்தது: தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது, உலகம் நிஜமாக இல்லாதது, உடல் தன்னுடையதாக இல்லாதது. 36 என்ற மொத்த எண் எனக்குச் சொல்லாததை இந்த மூன்று வரிகள் சொல்லின. கை, கண், குரல். அவ்வளவுதான் என் பிரச்சினையின் எல்லை.

ஆனால் ஓர் எண்ணை விட்டு இன்னோர் எண்ணைப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். இந்த எட்டுக் கேள்விக் கணக்கை வைத்து ஒரே ஆட்களை இரண்டு முறை சோதித்தபோது, முதல் முறை ஒரு பக்கம் விழுந்தவர்களில் சிலர் இரண்டாம் முறை மறுபக்கம் விழுந்தார்கள். மனிதர்களைக் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கும் அளவுக்கு இது கூர்மையான கத்தி இல்லை.

அடுத்து, அந்த 30. அதுதான் கட்-ஆஃப். அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

1986இன் முதல் ஆய்வில் ஒவ்வொரு குழுவினரின் நடுமதிப்பெண்ணையும் கொடுத்திருந்தார்கள். சாதாரணப் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4. வளரிளம் பருவத்தினருக்கு 14. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் கொண்டவர்களுக்கு 31. அன்று பன்முக ஆளுமை என்று அழைக்கப்பட்ட கோளாறு கொண்டவர்களுக்கு 57. பதின்பருவத்தில் எந்த நோயும் இல்லாமலே எண் மூன்று மடங்குக்கு மேல் ஏறி நிற்பதைக் கவனியுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை பெரியவர்களின் தாளை நிரப்பிவிட்டுப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை. அந்த வயதினருக்கென்றே 30 கேள்விகளோடு தனியான ஒரு வடிவம் இருக்கிறது.

பிறகு 1993இல் பல மருத்துவ மையங்களைச் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 30ஐக் கோடாக வைத்தால், பன்முக ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் நான்கில் மூன்று பேரை அது பிடித்தது. இல்லாதவர்களில் ஐந்தில் நான்கு பேரைச் சரியாக விலக்கியது. கேட்பதற்கு நல்ல சோதனையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு சாதாரண மனநலப் பிரிவில் 30ஐத் தாண்டியவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் உண்மையிலேயே அந்தக் கோளாறு இருக்கக்கூடியவர்கள் 17 சதவீதம்தான் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ஆறு பேரில் ஒருவர்.

எப்படி இப்படி ஆகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் வீட்டில் உட்கார்ந்து இந்தத் தாளை நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு அந்தக் கோளாறு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்று என்ற கணக்கில் ஏழெட்டுப் பேர் 30ஐத் தாண்டுவார்கள். மீதி 990 பேரில் ஐந்தில் ஒருவர் தவறாகத் தாண்டினால் 198 பேர். ஆக, ஏறக்குறைய 205 பேர் என்னைப் போல விடியும்வரை தூங்காமல் கிடப்பார்கள். அவர்களில் அந்தக் கோளாறு உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர்தான். உண்மையான எண்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அரிதான ஒன்றைத் தேடும் எந்தச் சல்லடையிலும் மண்தான் அதிகம் தங்கும். இது சோதனையின் குறை அல்ல. சல்லடையின் வேலை சலிப்பது. எடை போடுவதற்கு வேறு தராசு இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 198 பேருக்கும் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயர்ந்த எண்ணுக்குப் பின்னால் பேரதிர்ச்சியின் பாதிப்பு இருக்கலாம், பதற்றத் தாக்குதல்கள் இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், வேறு வகை விலகல் கோளாறு இருக்கலாம். ஒற்றைத் தலைவலி இருக்கலாம். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் டெம்போரல் லோப் வலிப்பு இதே மாதிரி முகமூடியில் வருவதுண்டு. கஞ்சா எடுப்பவர்களுக்கு உலகம் நிஜமற்றுத் தெரிவது நன்கு அறியப்பட்ட ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கமின்மை. தூக்கம் கெட்டால் விலகல் மதிப்பெண் ஏறுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் தாளை நிரப்பியது மூன்று வாரம் சரியாகத் தூங்காமல், இரவு இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் என்னை அளந்தால் எந்த அளவுகோலும் அந்த நேரத்தைத்தான் அளக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். தாளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் எடுத்து நீட்டி, "டாக்டர், எனக்கு 36 வந்திருக்கிறது" என்றேன்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். எப்படி வந்தோம் என்று தெரியாத இடத்தில் நிற்பது என்ற மூன்றாவது கேள்வியில் விரலை வைத்தேன்.

"10 போட்டிருக்கிறீர்கள். கடைசியாக நடந்த ஒரு உதாரணம் சொல்லுங்கள்."

யோசித்துச் சொன்னேன். மாடிக்கு ஏறிப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றதைச் சொன்னேன்.

"படி ஏறியது நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது டாக்டர்."

"அப்படியானால் அது வேறு. எதற்கு வந்தோம் என்பது மறந்துபோவது எல்லோருக்கும் உண்டு. இந்தக் கேள்வி கேட்பது, வந்ததே தெரியாமல் இருப்பதை. அது எப்போதாவது நடந்திருக்கிறதா?"

நடந்ததில்லை. 10 போய் 0 ஆனது. அடுத்து, இரண்டு வெவ்வேறு மனிதர்கள் போல நடந்துகொள்வது. 20 போட்டிருந்தேன். அலுவலகத்தில் அமைதியாகவும் வீட்டில் எரிச்சலாகவும் இருப்பதைத்தான் மனதில் வைத்திருந்தேன். அதையும் அவர் மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தார். பதின்மூன்றாவது கேள்விக்கு வந்தபோது தம்ளரைச் சொன்னேன். கையை, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததை, குரலை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது பயம் முதலில் வந்ததா கை முதலில் போனதா, வாசனை ஏதாவது வந்ததா, முடிந்தபின் குழப்பமாக இருந்ததா, அது நடக்கும்போதே இது நிஜமல்ல என்று எனக்குத் தெரிந்திருந்ததா. தெரிந்திருந்தது என்றேன். அந்தப் பதிலைத்தான் அவர் எழுதிக்கொண்டார்.

தன்னிலிருந்து தான் விலகி நிற்பதாக உணரும்போதும், அது வெறும் உணர்வுதான் என்ற அறிவு கெடாமல் இருப்பது இந்த நிலையின் முக்கியமான அடையாளமாம். அந்த அறிவு இருப்பதால்தான் இவ்வளவு பயம். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று நான் நடுங்கியது, பிடிக்கவில்லை என்பதற்கான சான்றாக அந்த அறையில் மாறியது. வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிச் சில நிமிடங்கள் உணர்ந்தவர்கள் ஏராளம் என்றும், அதுவே நீங்காமல் தொடர்ந்து வாழ்க்கையைக் கெடுக்கும்போதுதான் கோளாறு என்று பெயர் வைக்கிறார்கள் என்றும், அப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர் இருவர்தான் என்றும் சொன்னார்.

எனக்கு அன்று புரிந்தது இதுதான். தாள் எத்தனை முறை என்றுதான் கேட்கிறது. என்ன நடந்தது என்று கேட்பதில்லை. நூற்றுக்கு 10 என்று நான் எழுதும்போது எதை நினைத்து எழுதினேன் என்பது தாளுக்குத் தெரியாது. அது எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறது என்றும் சொல்வதில்லை. இந்த வாரமா, வாழ்நாள் முழுவதுமா? சதவீதம் என்றால் விழித்திருக்கும் நேரத்தில் சதவீதமா? தம்ளர் சம்பவம் நான்கு நிமிடம் நீடித்திருக்கும். ஒரு நாளில் நான்கு நிமிடம் என்றால் அரை சதவீதம்கூட இல்லை. நான் 60 போட்டேன். எவ்வளவு நேரம் என்பதை அல்ல, எவ்வளவு பயம் என்பதைத்தான் அந்த 60இல் எழுதியிருந்தேன்.

இந்த விஷயத்தில் கேம்பிரிட்ஜ் டீபெர்சனலைசேஷன் ஸ்கேல் எனக்கு நேர்மையாகப் படுகிறது. மௌரிசியோ சியெர்ரா, ஜெர்மன் பெரியோஸ் இருவரும் 2000இல் வெளியிட்டது. 29 கேள்விகள். கடந்த ஆறு மாதம் என்று காலத்தை வரையறுத்துவிட்டு, எவ்வளவு அடிக்கடி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. எனக்கு வந்தது போன்ற விலகலுக்கு டி.இ.எஸ்.ஸைவிட இதுதான் பொருத்தம். உடல் வழியாக வெளிப்படும் விலகலுக்கு, அதாவது காரணமில்லாமல் மரத்துப்போவது, குரல் அடைத்துக்கொள்வது போன்றவற்றுக்கு, எஸ்.டி.க்யூ. 20 என்று இருபது கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது. பால் டெல் உருவாக்கிய எம்.ஐ.டி. என்பதில் 218 கேள்விகள். மிகைப்படுத்தியோ ஏனோதானோவென்றோ பதில் சொல்கிறோமா என்று பார்க்க மட்டுமே அதில் 50 கேள்விகள். அதைத் தனியாகச் செய்துபார்த்து யாரும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பயிற்சி பெற்றவர்தான் படிக்க வேண்டும். இவை எதுவும் நோயறிதல் ஆகாது. நோயறிதலுக்கு என்று மார்லின் ஸ்டைன்பெர்க் உருவாக்கிய நேர்காணல் முறை போன்றவை இருக்கின்றன. அதில் நினைவிழப்பு, தன்னிலிருந்து விலகல், உலகம் நிஜமற்றுப்போதல், தான் யார் என்ற குழப்பம், தன் அடையாளமே மாறுதல் என்ற ஐந்தையும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். உதாரணம் கேட்கிறார்கள். அந்த உதாரணத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எண் குறைந்ததும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று முடித்திருந்தால் இது பொய்க் கட்டுரையாகியிருக்கும்.

மருத்துவர் போகும்போது ஒரு வேலை கொடுத்தார். 0 போட்ட கேள்விகளை வீட்டில் நெருங்கியவர் யாரிடமாவது காட்டச் சொன்னார். அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்பதாவதில் நின்றாள். வாழ்க்கையின் முக்கியமான நிகழ்வுகள் சில நினைவிலேயே இல்லாமல் போவது பற்றிய கேள்வி அது.

"இதற்கு ஏன் பூஜ்யம் போட்டாய்?"

"எதுவும் மறக்கவில்லையே அக்கா."

"அப்பா போன பிறகு வீடு மாறினோமே. அது நினைவிருக்கிறதா உனக்கு?"

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வீடு மாறினோம் என்று தெரியும். பழைய வீட்டின் அறைகள் தெரியும், புது வீட்டின் அறைகள் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு பெட்டிகூட இல்லை. சாமான் ஏற்றியது, கதவைப் பூட்டியது, யார் அழுதார்கள், நான் அழுதேனா என்று எதுவும் இல்லை. அக்கா பேசிக்கொண்டே போனாள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த இரண்டு மாதமும் நான் கண் திறந்தபடிதான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்வாராம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேனாம், பதில் வராதாம்.

மறந்தது எனக்குத் தெரியவில்லை. மறந்திருக்கிறேன் என்பதும் தெரியவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போகும் என்பார்கள். இந்த இடத்தை என் நினைவு ஒரு முறைகூடத் தேடிப் போகவில்லை. மறதியைப் பற்றி மறந்தவரிடமே கேட்பதுதான் இந்தத் தாள்களின் ஆழமான சிக்கல். தேவையில்லாமல் பயமுறுத்துவது அதன் ஒரு பக்கம். பயப்பட வேண்டியவரை, உனக்கு எதுவும் இல்லை என்று அனுப்பிவிடுவது மறுபக்கம். குறைந்த எண் வாங்கியவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும். நாட்கள் காணாமல் போவதாகவும், செய்யாததைச் செய்ததாகவும் பிறர் திரும்பத் திரும்பச் சொன்னால், உங்கள் எண் 8ஆக இருந்தாலும் போய்ப் பாருங்கள்.

இன்னொரு தவறையும் செய்தேன். முதல் மாதத்தில் அந்தத் தாளை ஐந்து முறை நிரப்பினேன். 36, 31, 41, 33, 38. ஒவ்வொரு முறையும் ஏதோ மாறியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். மாறியது அன்றைய தூக்கமும் அன்றைய பயமும்தான். அதைவிடக் கெடுதல், நாள் முழுவதும் என்னையே கண்காணிக்கத் தொடங்கியது. கை என்னுடையதா, இப்போது என்னுடையதா, இப்போது? இப்படி உற்றுப் பார்த்தால் எவர் கையும் அந்நியமாகிவிடும். ஒரு சொல்லை நூறு முறை சொன்னால் அதன் பொருள் கழன்றுபோவது போல. விலகலைப் பற்றிய பயம் விலகலையே கூட்டுகிறது என்பதை மருத்துவர் விளக்கினார். சிகிச்சையில் பெரும்பகுதி அந்தச் சுழலை அறுப்பதாகத்தான் இருந்தது. பேச்சு வழிச் சிகிச்சைதான். தூக்கத்தைச் சீர்செய்தோம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனையும் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. கை திரும்பி வர நான்கு மாதம் ஆனது.

யாராவது என்னிடம், இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் கைக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு வாயே இல்லாமல் இருந்தது. பதின்மூன்றாவது கேள்வியைப் படித்த நொடியில், இது வேறு யாருக்கோ நடந்திருக்கிறது, அதை ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. அன்றிரவு எனக்கு அந்தத் தாள் கொடுத்த ஒரே நன்மை அது, பெரிய நன்மை. பகலில், தூங்கி எழுந்தபின், ஒரே ஒரு முறை செய்யுங்கள். எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால், 0 அல்லாத ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நடந்த ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். எழுத எதுவும் வராவிட்டால் அந்த மதிப்பெண்ணை அடித்துவிடுங்கள். 0 போட்டதை உங்களை நெடுநாளாக அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்தத் தாளைக் கொண்டுபோனால் மருத்துவருக்கு வேலை பாதியாகிவிடும். வண்டி ஓட்டும்போது நேரம் காணாமல் போகிறது, வலிப்பு மாதிரி வருகிறது, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்கிறீர்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் தாளே வேண்டாம். இன்றைக்கே யாரிடமாவது சொல்லி, அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். மருத்துவர், அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமும் என்னைப் பற்றியது, ஆனால் நான் பார்த்ததாக எழுத முடிவதில்லை. வினைச்சொல்லின் வாலில் ஓர் 'ஆம்' வந்து ஒட்டிக்கொள்கிறது. பொதுவாகப் பிறரைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்லத்தான் அதைப் போடுவோம். ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. அன்று காலை நான்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தேனாம். அப்பாவின் பீரோவை லாரியில் ஏற்றியபோது வேறு யாரையும் தொடவிடாமல் நானே கயிறு கட்டினேனாம். முடிச்சு இறுகவில்லை என்று அவிழ்த்து, மறுபடியும் கட்டினேனாம்.